வரிசை கலைந்தாலும் வழி மாறாத மின்னோட்டம்

திடப்பொருள்களின் இயற்பியல் படிகத்தை வைத்து வளர்ந்த துறை. அணுக்கள் ஒரே இடைவெளியில், ஒரே ஒழுங்கில், முடிவில்லாமல் அடுக்கப்பட்டிருப்பதாகக் கொண்டு, அந்த அடுக்குக்குள் எலக்ட்ரான் எப்படி நடமாடும் என்பதை 1928இல் ஃபீலிக்ஸ் பிளாக் கணக்கிட்டுக் காட்டினார். எது உலோகம், எது மின்காப்பான், எது குறைகடத்தி என்று இன்று மாணவர்கள் படிப்பதெல்லாம் அந்தக் கணக்கின் வழிவந்ததே. கடந்த நாற்பதாண்டுச் சொச்சத்தில் வெளிச்சத்துக்கு வந்த ‘இடவியல் நிலை’கள், அதாவது உள்ளே மின்சாரத்தைத் தடுத்து விளிம்பில் மட்டும் பாயவிடும் பொருள்நிலைகள், முதலில் விளக்கப்பட்டதும் அதே படிகக் கணக்கின் மொழியில்தான். ஆனால் அப்பழுக்கில்லாத படிகம் உலகில் எங்கும் கிடையாது. அணுவரிசை கலையும்போது இந்த நிலைகள் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளில் மிக முக்கியமான ஒன்று 2017இல் பெங்களூரிலிருந்து வந்தது.

அணுவரிசையின் குலைவு எந்த அளவில் நிகழ்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வண்டலூர், தாம்பரம், பல்லாவரம், பரங்கிமலை வட்டாரத்துக் குன்றுகள் சார்னோகைட் என்னும் பாறையால் ஆனவை. கொல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறையில் பதித்திருந்த கல் இந்த வகைப் பாறை என்று கண்டு, 1893இல் அவர் பெயரையே அதற்குச் சூட்டியவர் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட். புதிதாக உடைத்த ஒரு சார்னோகைட் துண்டை வெயிலில் மெல்லத் திருப்பினால், சாம்பல் கலந்த கருநிறத்துக்கு நடுவே சின்னச் சின்னத் தட்டை முகங்கள் ஒவ்வொன்றாகப் பளிச்சிட்டு மறையும். அவை ஃபெல்ட்ஸ்பார் மணிகள் பிளந்த தளங்கள். இடையில் நீலச் சாயலோடு குவார்ட்ஸ் மணிகளும் இருக்கும். ஒவ்வொரு மணியும் தனித்தனியே ஒழுங்கான படிகம்; ஆனால் பக்கத்து மணி வேறு திசை பார்த்துக் கிடக்கும். அதனால்தான் எல்லாம் ஒரே நேரத்தில் பளிச்சிடுவதில்லை.

அந்தக் குவார்ட்ஸின் வேதிப்பொருளான சிலிக்கன் டை ஆக்சைடுதான் ஜன்னல் கண்ணாடியிலும் பெரும்பங்கு. இரண்டிலும் ஒவ்வொரு சிலிக்கன் அணுவையும் நான்கு ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்திருக்கும். அண்டை வீடு வரை இரண்டும் ஒன்றுதான். பத்து வீடு தள்ளிப் போனால் குவார்ட்ஸில் அடுத்த அணு எங்கே இருக்கும் என்று அடித்துச் சொல்லலாம். கண்ணாடியில் சொல்ல முடியாது. கிட்டத்து ஒழுங்கு நிலைத்து, தொலைவு ஒழுங்கு தொலைந்துபோன இந்த நிலையைப் படிக உருவற்ற நிலை என்கிறார்கள். குலைவின் உச்சம் இது. அதற்குக் கீழே பல படிகள் உண்டு: ஓர் அணு இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடப்பது, அந்த இடத்தில் வேற்று அணு குடியேறுவது, ஒரு முழு அணுத்தளமே பாதியில் நின்றுபோய் அதன் முனை ஒரு கோடாகப் படிகத்துக்குள் ஓடுவது, மணிக்கும் மணிக்கும் இடையே எல்லை விழுவது.

படிகம் வளர்ப்பவர்களின் பாடெல்லாம் இவற்றைக் குறைப்பதுதான். சென்னைக்கு இதில் நெடிய பரிச்சயம் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ச்சி மையம் 1982 முதல் இயங்குகிறது. அதை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவரான பேராசிரியர் பெ. ராமசாமி, சங்கரநாராயணனுடன் சேர்ந்து 2005இல் வெளியிட்ட முறை, கரைசலிலிருந்து ஒரே திசையில் பெரிய படிகத்தை வளர்க்க வழிசெய்தது. இருவர் பெயராலும் அது இன்று அறியப்படுகிறது. வண்டலூர் கேளம்பாக்கம் சாலை பழைய மாமல்லபுரம் சாலையைத் தொடும் இடத்துக்குச் சற்றுத் தெற்கே, காலவாக்கத்தில் உள்ள எஸ்.எஸ்.என். ஆய்வு மையத்திலும் அந்தப் பணி தொடர்ந்தது. குறையில்லாத படிகத்துக்காக இத்தனை உழைப்பும் செலவாகும் துறையில், குறைகளைப் பொருட்படுத்தாத ஒரு மின்பண்பு இருக்கிறது என்ற செய்தி சாதாரணமானதல்ல.

அந்தப் பண்பு எதில் தங்கியிருக்கிறது? சிக்குக் கோலத்தை எண்ணிப் பார்க்கலாம். புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் கோடு, தொடங்கிய இடத்துக்கே வந்து மூடும். ஒரு கோலம் ஒரே இழையில் முடியும். இன்னொன்றுக்கு மூன்று இழை வேண்டும். புள்ளிகள் கோணல்மாணலாக விழுந்தாலும், வளைவுகள் நெளிந்தாலும், இழைகளின் எண்ணிக்கை மாறாது. அதை மாற்ற வேண்டுமென்றால் எங்காவது கோட்டை அழித்து வேறு விதமாக இணைக்க வேண்டும். கோலங்களின் இலக்கணத்தைக் கணிதமாக்கியவர்களில் முன்னோடி, தாம்பரத்திலுள்ள சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி. ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் அவர் எழுதிய ஆய்வுரை 1974இல் வெளிவந்தது. இழுத்தாலும் நெளித்தாலும் மாறாத இப்படிப்பட்ட முழு எண்களை ஆராயும் கணிதப் பிரிவுதான் டோபாலஜி எனப்படும் இடவியல். ஒரு திடப்பொருளில் உள்ள எலக்ட்ரான்களின் அலைகள் எல்லாம் சேர்ந்து அத்தகைய ஒரு முழு எண்ணைத் தாங்கியிருக்க முடியும். எலக்ட்ரான் நிரம்பிய நிலைகளுக்கும் காலியான நிலைகளுக்கும் நடுவே உள்ள ஆற்றல் இடைவெளி மூடாதவரை அந்த எண் மாறாது. எண் பூச்சியமாக இல்லாத பொருள், எண் பூச்சியமான வெளியைத் தொடும் இடத்தில் இடைவெளி மூடியே ஆக வேண்டும். அதனால் விளிம்பில் மின்சாரம் பாயும்.

இந்த எண் முதன்முதலில் ஆய்வகத்தில் தென்பட்டது 1980இல். கடும் குளிரிலும் வலிமையான காந்தப்புலத்திலும் ஒரு சிலிக்கன் டிரான்சிஸ்டரை அளந்துகொண்டிருந்த கிளாஸ் ஃபான் கிளிட்சிங், அதன் குறுக்கு மின்தடை படிப்படியாக நிற்பதைக் கண்டார். முதல் படியின் மதிப்பு 25,812.807 ஓம், அடுத்தடுத்த படிகள் அதன் பாதி, மூன்றில் ஒன்று என இறங்கின. பொருள் எது, அளவு என்ன, எவ்வளவு சுத்தம் என்பதெல்லாம் கணக்கிலேயே வரவில்லை. 1982இல் டேவிட் தௌலஸும் மூன்று சகாக்களும் அந்தப் படிகளுக்குப் பின்னால் இருப்பது ஓர் இடவியல் எண் என்று நிறுவினார்கள். ஃபான் கிளிட்சிங்குக்கு 1985இலும், தௌலஸ், ஹால்டேன், காஸ்டர்லிட்ஸ் மூவருக்கும் 2016இலும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒன்று உண்டு. அந்தப் படிகள் அகலமாக, தட்டையாக நிற்பதற்குக் காரணமே குலைவுதான். காந்தப்புலத்தில் எலக்ட்ரான்களின் ஆற்றல் தனித்தனி மட்டங்களாகப் பிரியும். அழுக்கே இல்லாத பொருளில் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்டக் குறுக்குத் தடை சீராக மாறிக்கொண்டே போகும். படி என்று ஒன்று உருவாகாது. உண்மைப் பொருளில் அங்கங்கே உள்ள மாசுகள் எலக்ட்ரானின் பாதையை மேடும் பள்ளமுமாக்குகின்றன. கூடுதலாக வரும் எலக்ட்ரான்கள் இந்த மேடுகளையும் பள்ளங்களையும் சுற்றிச்சுற்றி வந்து அங்கேயே சிக்கிக்கொள்கின்றன. சிக்கியவை மின்னோட்டத்தில் சேர்வதில்லை. ஆகவே எலக்ட்ரான்களைச் சேர்த்தாலும் தடை அசையாமல் நிற்கிறது. ஒவ்வொரு மட்டத்தின் நடுவிலும் மட்டும், பொருள் முழுதும் பரவிய நிலைகள் மிஞ்சுகின்றன. இடவியல் எண்ணைச் சுமப்பவை அவைதான். குலைவு எல்லை மீறினால் அந்த நடுநிலைகளும் அழிந்து எல்லாம் வெறும் மின்காப்பானாகிவிடும். அளவோடு இருக்கும்வரை அது எண்ணைக் காக்கிறது. உலகெங்கும் மின்தடையை அளவிட இன்று ஆதாரமாக இருப்பது இந்தப் படிகளே என்பதை நினைக்கும்போது, குலைவுக்குத் தர வேண்டிய மதிப்பு புரியும்.

எலக்ட்ரான் குலைவில் சிக்கிக்கொள்ளும் என்பதை 1958இலேயே சொன்னவர் பிலிப் ஆண்டர்சன். அதுவரை, மாசு கூடினால் எலக்ட்ரான் அடிக்கடி மோதி மெதுவாகும் என்று மட்டுமே கருதப்பட்டது. எலக்ட்ரான் அலையாகவும் இருப்பதால், தாறுமாறான தடைகளில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று குறுக்கிட்டு, அதை ஓரிடத்தில் முடக்கிவிடலாம் என்று அவர் காட்டினார். 1979இல் ஆண்டர்சன், ஆபிரகாம்ஸ், லிச்சியார்டெல்லோ ஆகியோருடன் இந்திய இயற்பியலாளர் டி.வி. ராமகிருஷ்ணன் சேர்ந்து எழுதிய கட்டுரை இதை இன்னும் கடுமையாக்கியது: இரு பரிமாணத் தகட்டில் குலைவு எவ்வளவு சிறிதாக இருந்தாலும், தகடு போதிய அளவு பெரிதானால், சாதாரண எலக்ட்ரான்கள் முடங்கியே தீரும். இடவியல் நிலைகளின் விளிம்பும் மேற்பரப்பும் இந்த விதிக்கு விலக்கு. அந்த விலக்கில்தான் அவற்றின் அருமை இருக்கிறது.

காந்தப்புலம் இல்லாமலேயே இப்படிப்பட்ட நிலை சாத்தியம் என்று 2005இல் சார்லஸ் கேனும் யூஜின் மெலேயும் கணித்தார்கள். பாதரச டெல்லூரைடு மென்படலத்தில் 2007இல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் ஆய்வகம் அதைக் கண்டது. 2009இல் பிஸ்மத் செலனைடு முப்பரிமாண இடவியல் மின்காப்பானாகத் தேறியது. இதன் மேற்பரப்பில் ஓடும் எலக்ட்ரானின் திசையும், ‘ஸ்பின்’ எனப்படும் அதன் தற்சுழற்சிப் பண்பும் பிணைந்தவை. வந்த வழியே திரும்ப வேண்டுமென்றால் ஸ்பின் நேர்த்தலைகீழாகப் புரள வேண்டும். காந்தத்தன்மை இல்லாத மாசுக்கு ஸ்பின்னைப் புரட்டும் வலிமை கிடையாது. எனவே எலக்ட்ரான் பக்கவாட்டில் ஒதுங்கலாமே தவிர, நேர் பின்னால் திரும்ப முடியாது. இரும்பு, குரோமியம் போன்ற காந்த அணுக்கள் கலந்தால் கதை வேறு. அவை அந்தப் பாதுகாப்பை உடைத்து மேற்பரப்பிலேயே ஆற்றல் இடைவெளியைத் திறந்துவிடும்.

கொள்கை இவ்வளவு தெளிவாக இருந்தாலும் பிஸ்மத் செலனைடு ஆய்வாளர்களைப் பல ஆண்டுகள் வாட்டியது. இந்தப் படிகம் ஐந்தைந்து அணுத்தாள்கள் சேர்ந்த கட்டுகளால் ஆனது. ஒரு கட்டின் தடிமன் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர். ஒட்டும் நாடாவை அழுத்தி உரித்தால் கட்டுகள் பிரிந்து கண்ணாடிபோல மின்னும் புதிய முகம் வரும். படிகம் வளர்க்க, பிஸ்மத்தையும் செலினியத்தையும் குவார்ட்ஸ் குழாயில் காற்றகற்றி அடைத்து உருக்கி, மெல்லக் குளிர்விக்கிறார்கள். செலினியம் எளிதில் ஆவியாகும் பொருள். உருகும் சூட்டில் கொஞ்சம் தப்பிவிட, படிகத்தில் அதன் இடங்கள் சில காலியாகின்றன. ஒவ்வொரு காலியிடமும் எலக்ட்ரான்களை உபரியாக விட்டுச்செல்கிறது. விளைவு, காப்பானாக இருக்க வேண்டிய உட்பகுதியே மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது. மேற்பரப்பு நிலை அழியவில்லை; உள்ளோட்டத்தின் இரைச்சலில் அமுங்கிப் போகிறது. டெல்லூரியத்தையும் ஆன்டிமனியையும் அளவு பார்த்துக் கலந்து உபரி எலக்ட்ரான்களை ஈடுகட்டிய பிறகே மேற்பரப்பு மின்னோட்டத்தைப் பிரித்தளக்க முடிந்தது. இடவியல் பாதுகாப்பு என்பது எல்லாக் குறைகளுக்கும் எதிரான கவசமல்ல என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

காந்த அணுக்கள் கலந்த படலங்களிலும் இதே பாடுதான். புறக் காந்தப்புலமே இல்லாமல், ஃபான் கிளிட்சிங் கண்டது போன்ற குவாண்டம் ஹால் படியைக் காட்டும் நிலையை 2013இல் சீனாவில் சுவே சிகுனின் குழு குரோமியம் கலந்த படலத்தில் கண்டது. அதற்கு முழுப் பூச்சியத்துக்கு மேல் 0.03 டிகிரி அளவுக்குக் குளிர்விக்க வேண்டியிருந்தது. குரோமியம் அணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்ததால் ஆற்றல் இடைவெளி இடத்துக்கு இடம் வேறுபட்டது முக்கியமான இடையூறு. மாங்கனீஸ் அணுக்கள் தங்களுக்குரிய தாளில் வரிசையாக அமர்ந்த மாங்கனீஸ் பிஸ்மத் டெல்லூரைடு படிகத்தில் 2020இல் அதே படி 1.4 டிகிரியிலேயே கிடைத்தது.

குலைவு ஒரு பொருளை இடவியல் நிலைக்குக் கொண்டு செல்லவும் கூடும் என்பது 2009இல் வந்த வியப்பு. ஜெய்னேந்திர ஜெயின் உள்ளிட்ட நால்வர், பாதரச டெல்லூரைடு மாதிரியில் குலைவைப் படிப்படியாகக் கூட்டிக் கணினியில் கணக்கிட்டார்கள். இடவியல் எண் பூச்சியமாக இருந்த நிலையில் தொடங்கியும், குறிப்பிட்ட குலைவு வலிமையை எட்டியதும் விளிம்பு மின்னோட்டம் துல்லியமான அளவில் தோன்றியது. இதற்கு ஆண்டர்சன் பெயரையே வைத்தார்கள். சராசரியாகப் பார்த்தால் குலைவு எலக்ட்ரானின் ஆற்றல் மட்டங்களை நகர்த்திவிடுகிறது. அந்த நகர்வில் இடைவெளி ஒருமுறை மூடி மறுபடி திறக்கும்போது எண் மாறிவிடுகிறது என்ற விளக்கம் அந்த ஆண்டே வந்தது. உண்மையில் இது நிகழ்வதை 2018இல் இரண்டு குழுக்கள் காட்டின. ஒன்று குளிர்ந்த அணுக்களில், மற்றொன்று ஒளி செல்லும் கண்ணாடித் தடங்களில்.

ஆயினும் இவை அனைத்திலும் அடியில் ஒரு படிகம் இருந்தது. குலைவு அதன் மேல் ஏற்றப்பட்டது. படிகத்தையே எடுத்துவிட்டால்? பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அதிப் அகர்வாலாவும் விஜய் ஷெணாயும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்டது. ஒரு பெட்டிக்குள் புள்ளிகளைக் கண்டபடி தூவினார்கள். கட்டமும் இல்லை, திசையும் இல்லை. குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கும் புள்ளிகளுக்கு இடையே மட்டும் எலக்ட்ரான் தாவலாம் என்றும், தூரம் கூடக் கூடத் தாவும் வாய்ப்பு குறையும் என்றும் விதி வைத்தார்கள். இதில் ஓர் இக்கட்டு உண்டு. வழக்கமான இடவியல் எண்ணைக் கணக்கிடப் படிகத்தின் திரும்பத் திரும்ப வரும் அமைப்பு வேண்டும். தூவிய புள்ளிகளில் அது கிடையாது. ஹேஸ்டிங்ஸும் லோரிங்கும் முன்பே வகுத்திருந்த பாட் குறியெண் அங்கே கைகொடுத்தது. புள்ளிகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதையும், எலக்ட்ரான் நிரம்பிய நிலைகளையும் வைத்தே அதைக் கணக்கிடலாம். விடை பூச்சியமாக இல்லாமல் முழு எண்ணாக வந்தது. ஓரங்களில் மின்முனைகளை இணைத்துக் கணக்கிட்டபோது கடத்தலும் குவாண்டம் அளவில் துல்லியமாக நின்றது. இரு பரிமாணத்திலும் முப்பரிமாணத்திலும் இது நடந்தது. இடவியல் நிலைக்குப் படிக ஒழுங்கு கட்டாயமில்லை என்பது இதன் பொருள். எலக்ட்ரான் அண்டையில் உள்ளவற்றோடு எப்படி உறவாடுகிறது என்பதும், ஆற்றல் இடைவெளி திறந்திருப்பதும் போதும். இந்தத் துறையின் பார்வையையே திருப்பிய வேலை என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

அடுத்த ஆண்டே சிகாகோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் இர்வினின் குழு இதற்குக் கண்ணால் காணக்கூடிய சாட்சியைத் தந்தது. சுழலும் சிறு கைரோஸ்கோப்புகளை ஒழுங்கற்ற வலையாகத் தொங்கவிட்டு, ஒன்றோடொன்று காந்த விசையால் உறவாடுமாறு அமைத்தார்கள். ஓரத்தில் உள்ள ஒன்றை அசைத்தால், அசைவு உட்புறம் பரவாமல் ஓரம் வழியாகவே ஒரே திசையில் வலம் வந்தது.

எலக்ட்ரான்களில் இதைக் காட்டும் வேலை 2023இல் வெளியானது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஃபிரான்சஸ் ஹெல்மனின் குழு பிஸ்மத் செலனைடையே படிக உருவற்ற படலமாகப் படியவைத்தது. தொலைவு ஒழுங்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு பிஸ்மத்தைச் சுற்றியும் செலினியம் அமரும் விதம் படிகத்தில் உள்ளதைப் போலவே இருந்தது. குவார்ட்ஸுக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் உள்ள அதே உறவு இது. படலத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சி, வெளியே தெறித்த எலக்ட்ரான்களின் திசையையும் ஸ்பின்னையும் அளந்தபோது, இரண்டும் பிணைந்த மேற்பரப்பு நிலைகள் தென்பட்டன. இடவியல் ஆய்வில் பழகிய பொருள் ஒன்று, படிகத்தை இழந்த பிறகும் தன் குணத்தைக் காட்டிய தருணம் அது.

எல்லா இடவியல் நிலைகளும் இப்படித் தாக்குப்பிடிப்பதில்லை. சிலவற்றைக் காப்பது படிகத்தின் சமச்சீரே. வெள்ளீய டெல்லூரைடில் மேற்பரப்பு நிலைகளைக் காப்பது கண்ணாடி பிம்பச் சமச்சீர்; அதை ஒரு பக்கமாக நெரித்தாலோ சிதைத்தாலோ பாதுகாப்பு குன்றும். எனினும், குலைவு எத்திசைக்கும் சார்பில்லாமல் பரவலாக இருந்து, சராசரியில் சமச்சீர் மிஞ்சினால், மேற்பரப்பு முடங்காமல் தப்பலாம் என்று 2012இல் லியாங் ஃபூவும் கேனும் காட்டினார்கள். சில குறைகள் புதிய வழியையே திறக்கின்றன. அணுத்தளம் பாதியில் நின்ற கோட்டைப் பற்றி மேலே சொல்லப்பட்டது. தகுந்த வகைப் பொருளில், அந்தக் கோட்டின் நெடுக எலக்ட்ரான் தடையின்றி ஓடும் ஒரு பரிமாணப் பாதை உருவாகும் என்று 2009இல் ரான், சாங் ஆகியோருடன் அஷ்வின் விஸ்வநாத் கணித்தார். படிகத்தின் விளிம்புக்கு வெளியே போகாமல், அதன் வயிற்றுக்குள்ளேயே ஒரு கம்பி.

2019இல் மூன்று குழுக்கள் தனித்தனியே, அறியப்பட்ட பல்லாயிரம் படிகங்களைச் சமச்சீர்க் குறிகளால் சலித்தெடுத்து, அவற்றில் இடவியல் தன்மை உடையவை எதிர்பார்த்ததைவிட மிக அதிகம் என்று பட்டியலிட்டன. படிக உருவற்ற பொருள்களுக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது. சமச்சீரே இல்லாத இடத்தில் சமச்சீர்க் குறி எங்கிருந்து வரும்? ஒவ்வொரு பொருளையும் கணினியில் உருக்கி, சட்டென்று குளிரவைத்து, நூற்றுக்கணக்கான அணுக்கள் கொண்ட ஒழுங்கற்ற துண்டாக்கி, அதன் எலக்ட்ரான் நிலைகளைப் படிகத்தின் நிலைகளோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. இந்த ஒப்பீட்டை எளிதாக்கும் ஓர் அளவுகோல் 2023இல் முன்வைக்கப்பட்டது. படிக உருவற்ற பிஸ்மத் இரட்டைத்தாள் நல்ல வேட்பாளர் என்று அது சுட்டியது. ஒற்றைப் படிகத்தைப் போல வாரக்கணக்கில் காத்து வளர்க்க வேண்டாதவை என்பதாலும், தொழிற்சாலைகளில் ஏற்கெனவே பழகிய படியவைப்பு முறைகளிலேயே பெரிய பரப்பில் பூச முடியும் என்பதாலும், இத்தகைய படலங்களைத் தேடும் கணக்குகளும் சோதனைகளும் ஒருசேர நடந்துவருகின்றன.